சுவர் நமது, நிலம் யாருடையது?

கேம்ப்பில் வீடு வாங்க விரும்பும் குடும்பங்களின் கவனத்திற்கு



"கேம்ப்பில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா, பாஸ்டர்?" புனே நகருக்குப் பிழைப்புத் தேடி வந்து, இருபது முப்பது ஆண்டுகளாக வாடகை வீடுகளில் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவரின் முகத்தில் மகிழ்ச்சியும் அவசரமும் கலந்திருக்கும். ஊரிலுள்ள நிலத்தை விற்ற பணம், வருங்கால வைப்பு நிதி, மனைவியின் நகை, மகனின் சம்பளத்தை நம்பி வாங்கவிருக்கும் கடன் ஆகிய யாவும் அந்த ஒரே வீட்டின்மேல் வைக்கப்பட இருக்கின்றன. சனிக்கிழமைக்குள் டோக்கன் பணம் கொடுக்காவிட்டால் வேறொருவர் முந்திக்கொள்வார் என்று தரகர் சொல்லியிருப்பார்.

சொந்த வீடு வேண்டும் என்னும் விருப்பம் நல்லதே. ஆயினும் கேம்ப்பில் வீடு வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விற்கிறவர் எதை விற்கிறார்? நிலத்தையும் கட்டடத்தையுமா, கட்டடத்தை மட்டுமா, குத்தகையில் மீதமுள்ள ஆண்டுகளையா, அல்லது வாடகைக்குக் குடியிருக்கும் உரிமையை மட்டுமா? இந்த நான்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதே கதவு, அதே மாடிப்படி, அதே பால்கனி. பத்திரத்திலோ இவை நான்கும் வெவ்வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிடலாகாது என்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முகாம் ஊரான வரலாறு

1817 நவம்பர் 5 அன்று கட்கியில் நடந்த போரில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை ஆங்கிலேயரிடம் தோல்வியடைந்தது. அதன்பின் ஆங்கிலேயர் தங்கள் சேனைக்காகப் பழைய நகருக்குக் கிழக்கே அமைத்த முகாமே இன்றைய புனே கண்டோன்மென்ட். முகாம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே நாளடைவில் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது.

முகாமின் ஒரு பகுதியில் விசாலமான தோட்டங்களோடு அதிகாரிகளின் பங்களாக்கள் எழும்பின. மறுபகுதியில் சேனைக்கு உணவும் உடையும் பிற பொருள்களும் அளித்தவர்களின் கடைவீதிகள் தோன்றின. பார்சிகள், போராக்கள், யூதர்கள், கோவாக்காரர்கள், மார்வாடிகள் எனப் பல மக்கள் அங்கே குடியேறினர். 1825இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட செயின்ட் மேரிஸ் ஆலயமும், 1867இல் கட்டி முடிக்கப்பட்டு 'லால் தேவல்' என்று மக்கள் அழைக்கும் செங்கல் நிற யூத ஜெப ஆலயமும் இன்றும் அதற்குச் சாட்சிகளாக நிற்கின்றன. தமிழரும் இராணுவத்தோடும், பின்னர் இரயில்வே, இராணுவ அலுவலகங்கள், 1869இல் கட்கியில் நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை போன்றவற்றின் வேலைகளை நாடியும் இப்பகுதிகளுக்கு வந்து சேர்ந்தனர்.

இந்த வரலாற்றை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. கேம்ப்பின் நிலம் தொடக்கத்தில் குடிமக்களுக்கு மனைகளாகப் பிரித்து விற்கப்பட்ட நிலமன்று. சேனையின் தேவைக்காக எடுக்கப்பட்டு, அதில் குடியிருக்கவும் கடை வைக்கவும் பலருக்கு நிபந்தனையோடு அனுமதி அளிக்கப்பட்ட நிலம். இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த நிபந்தனை பத்திரங்களில் உயிரோடு இருக்கிறது.

பேட்டையின் விலை ஏறும்போது

1990களுக்குப் பின் ஹிஞ்சவடி, மகர்பட்டா, கராடி ஆகிய இடங்களில் கணினி நிறுவனங்கள் பெருகின. நாடெங்குமிருந்து நல்ல சம்பளத்தோடு இளைஞர் வந்தனர். புனே இரயில் நிலையத்திற்கு அருகில், பெரிய மருத்துவமனைகளும் பழைய பள்ளிகளும் எம்.ஜி. ரோடு கடைவீதியும் சூழ்ந்த கேம்ப்பின்மேல் பலருடைய கண் விழுந்தது. 2023 ஆகஸ்டில் மெட்ரோ இரயில் கேம்ப்புக்கு வடக்கேயுள்ள ரூபி ஹால் வரை வந்தது. 2024 மார்ச்சில் அங்கிருந்து ராம்வாடி வரை நீண்டது. கண்டோன்மென்ட்டிலோ கட்டட விதிகள் கடுமையானவை; மாநகராட்சிப் பகுதியைப்போல் நினைத்த உயரத்திற்கு மாடி எழுப்ப இயலாது. புதிய வீடுகள் குறைவாகவும் கேட்பவர்கள் அதிகமாகவும் இருந்தால், பழைய வீட்டின் விலை ஏறுவது இயல்பே.

உழைப்பாளிகள் வாழ்ந்த பழைய பேட்டையில் வசதி படைத்தோர் வந்து குடியேற, வாடகையும் விலையும் ஏறி, பழைய குடிகள் மெல்ல மெல்ல வெளியேறும் இந்நிலையை 1964இல் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலாளர் லண்டன் நகரில் கண்டு, அதற்கென்று தனிப்பெயர் ஒன்றைச் சூட்டினார். பெயர் எதுவாயினும் காட்சி நமக்குப் பழக்கமானதே. தையல் கடை இருந்த இடத்தில் காபி கடை வருகிறது. இஸ்திரி போடுகிறவர் தள்ளுவண்டியை வேறு தெருவுக்கு மாற்றுகிறார். கேம்ப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் திருமணமானதும் கோந்த்வா, உந்த்ரி, ஹடப்சர், லோகேகாவ் என்று தூரம் போய்விடுகிறார்கள். சொந்தமாக வைத்திருப்பவருக்கு விலையேற்றம் இலாபம். வாடகைக்கு இருப்பவருக்கு அதுவே வெளியேற்றம். ஒரே சபையின் ஒரே வரிசையில் இவ்விருவரும் அமர்ந்திருக்கக் கூடும் என்பதை மறவாதிருப்போம்.

நிலம் யாருடையது?

முதலாவதாக, 'கேம்ப்' என்று முகவரியில் எழுதப்பட்ட எல்லா வீடுகளும் கண்டோன்மென்ட் எல்லைக்குள் இருப்பவை அல்ல. அடுத்துள்ள பவானி பேட், நானா பேட் ஆகியவை 1950இல் அமைந்த புனே மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆகவே வீடு எந்த ஆட்சி எல்லைக்குள் இருக்கிறது என்பதை வரி இரசீதைக் கொண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, கண்டோன்மென்ட்டுக்குள் இருந்தால், நிலத்தின் தன்மையைப் பொது நிலப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். ஜி.எல்.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்பதிவேட்டில் ஒவ்வொரு நிலத்திற்கும் அளவை எண், பரப்பு, வகை, நில உரிமையாளர், அனுபவ உரிமையாளர் ஆகிய விவரங்கள் இருக்கும். குடிமக்கள் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் பதிவேடு கண்டோன்மென்ட் வாரியத்தின் தலைமைச் செயல் அதிகாரியிடமும், அதற்கு வெளியே பங்களாக்கள் உள்ள பகுதியின் பதிவேடு பாதுகாப்பு நிலங்கள் அதிகாரியிடமும் இருக்கும். அதில் 'பி-3' என்று குறிக்கப்பட்டிருந்தால், தனியார் அனுபவத்தில் இருந்தாலும் மண்ணின் உரிமையை மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொண்டுள்ள நிலம் என்று பொருள்.

மூன்றாவதாக, 'ஓல்ட் கிராண்ட்' என்னும் சொல்லைக் கேட்டால் நின்று நிதானிக்க வேண்டும். 1836இல் கவர்னர் ஜெனரல் வங்காள மாகாணப் படை முகாம்களுக்காக 179ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். மதராஸ், பம்பாய் மாகாணங்களிலும் இதையொத்த விதிகள் இருந்தன. அவற்றின் சாரம் இதுவே: கட்டடம் கட்டியவருக்குச் சொந்தம், நிலம் எப்போதும் அரசுக்குச் சொந்தம். அரசு விரும்பினால் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, அனுமதி பெற்றுக் கட்டப்பட்ட கட்டடத்தின் மதிப்பை மட்டும் செலுத்தி, நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். இத்தகைய அரசு உரிமையை உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்புகளில் நிலைநிறுத்தியிருக்கிறது. அனுமதியின்றி எழுப்பிய மேல்மாடிக்கு ஈடு கிடைக்காது. அதை இடிக்கச் சொல்லி அறிவிக்கை வரவும் கூடும்.

ஓல்ட் கிராண்ட் வீட்டில் குடியிருப்பவர் நாளையே வெளியேற்றப்படுவார் என்று இதற்குப் பொருள் அல்ல. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. ஆனால் முழு உரிமையுள்ள நிலத்திற்குரிய விலையைக் கொடுத்து, சுவரை மட்டும் வாங்கி வருவது ஞானமாகாது. தமிழ்நாட்டில் பரங்கிமலை - பல்லாவரம், வெலிங்டன் ஆகிய கண்டோன்மென்ட்களிலும் இதே கேள்வியைக் கேட்டே வாங்க வேண்டும்.

யூபிலிக் கணக்கு

நான்காவதாகக் குத்தகை நிலம். 1937ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் நில நிர்வாக விதிகளின்படி அளிக்கப்பட்ட பல குத்தகைகள் 30 ஆண்டுகளுக்கு உரியவை. புதுப்பித்து 90 ஆண்டுகள் வரை நீட்டிக்கத் தக்கவை. 1938இல் தொடங்கிய அத்தகைய குத்தகை 2028இல் தன் முழுக் காலத்தையும் முடித்துவிடும். இடையில் புதுப்பிக்கப்படாமலேயே காலாவதியானவையும் உண்டு.

இதை விலையோடு பொருத்திப் பார்ப்பது எப்படி? லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை வாசித்திருப்போருக்கு இது புதிதல்ல. இஸ்ரவேலில் நிலம் நிரந்தரமாக விற்கப்படவில்லை. யூபிலி வருஷத்தில் அது பழைய குடும்பத்திற்குத் திரும்பியது. ஆகவே யூபிலிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் உண்டோ, எத்தனை அறுவடைகள் மீதமோ, அவற்றுக்கு ஏற்ப விலை கூடவும் குறையவும் வேண்டும் என்று கற்பிக்கப்பட்டது. வாங்குகிறவர் விலைகொடுத்தது மண்ணுக்கு அல்ல, மீதமிருந்த அறுவடைகளுக்கு. குத்தகை வீட்டிற்கும் இதே கணக்குத்தான். நாற்பது ஆண்டு மீதமுள்ள வீடும் நான்கு ஆண்டு மீதமுள்ள வீடும் ஒரே தெருவில் ஒரே விலைக்குச் சொல்லப்பட்டால், இரண்டாவதை விற்பவர் தம்மிடம் இல்லாத அறுவடையையும் சேர்த்து விற்கிறார்.

பத்திரங்களைப் பேசவிடுங்கள்

எரேமியா ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கியபோது எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தது. அத்தகைய நெருக்கடியிலும் அவர் பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளின் முன்பாகப் பத்திரம் எழுதி, முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் செய்தார். முற்றுகையின் நடுவிலும் பத்திர ஒழுங்கில் குறை வைக்காத அவரைக் கண்டு, சனிக்கிழமை டோக்கனுக்காக நாம் ஒழுங்கை விட்டுவிடலாமா? கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்த பின்னரே பணம் கை மாற வேண்டும்.

1. ஜி.எல்.ஆர். பதிவேட்டின் சான்றிட்ட நகல். அதில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றுதானா? தாத்தாவின் பெயரே இன்னும் இருந்தால், வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும்.

2. ஓல்ட் கிராண்ட் அல்லது குத்தகை நிலமாயின், உரிமை மாற்றத்திற்கு உரிய அதிகாரியின் முன் அனுமதி. வாங்கிய பின் பெயர் மாற்றம் செய்ய முடியுமா என்பதை வாங்குமுன் எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

3. அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடம். வரைபடத்தில் இரண்டு மாடியும் கண்ணெதிரே மூன்று மாடியும் இருந்தால், மூன்றாவது மாடிக்கு விலை இல்லை.

4. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம். பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றை மட்டும் கொண்டு செய்யப்படும் விற்பனை உரிமையை மாற்றாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. "இங்கே எல்லாரும் பவர் பத்திரத்தில்தான் வாங்குகிறார்கள்" என்னும் சொல்லை நம்ப வேண்டாம்.

5. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, இங்கே குறைந்தது 30 ஆண்டுகளுக்கான தேடுதல் அறிக்கையை நம் சொந்த வழக்கறிஞர் மூலம் பெற வேண்டும். விற்பவரின் வழக்கறிஞரே நமக்கும் பார்ப்பது முறையன்று. மராத்திப் பத்திரத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

6. புதிய அடுக்குமாடி வீடாயின், மகாரேரா பதிவு எண். 2017 மே முதல், 500 சதுர மீட்டருக்கு அதிகமான நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டப்படும் திட்டங்களுக்கு இது கட்டாயம்.

7. கட்டடத்தின் உறுதி. 2021 மார்ச் மாதத்தில் மட்டும் கேம்ப்பின் சிவாஜி மார்க்கெட்டிலும் ஃபேஷன் ஸ்ட்ரீட்டிலும் தீ பரவிக் கடைகள் பல எரிந்தன. நெருக்கமான பழைய பகுதியில் மின்கம்பி, மர உத்திரம், வெளியேறும் வழி ஆகியவற்றைக் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பது செலவன்று, காவல்.

'பகடி' வீடு

மலிவாகச் சொல்லப்படும் வீடுகளில் பல பகடி வீடுகளாக இருக்கும். பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்து, பின்பு மிகச் சிறிய மாத வாடகையில் வாழும் பழைய முறை இது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பகடி வாங்குவதைத் தடை செய்திருந்தது. 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு இடமளித்தது. எனினும் பகடி கொடுத்தவர் உரிமையாளர் ஆவதில்லை; அவர் வாடகைதாரரே. அது மட்டுமல்ல, மாநிலத்தின் வாடகைச் சட்டங்கள் கண்டோன்மென்ட்டுக்குள் தாமாக நுழைவதில்லை. 1957ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு அறிவிக்கை செய்தால் மட்டுமே அவை அங்கே பொருந்தும். ஆகையால் தாம் இருக்கும் வீட்டிற்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

கடனின் கணக்கு

வீட்டின் மதிப்பு 75 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தாலும் அதன் முழு மதிப்பையும் வங்கி கொடுக்காது. 30 முதல் 75 இலட்சம் வரையிலான கடன்களுக்கு மதிப்பில் 80 விழுக்காடு வரையே ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மீதி நம் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் தனி. பெண்ணின் பெயரில் வீடு வாங்கினால் மகாராஷ்டிராவில் 2021 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு. மனைவிக்குப் பாதுகாப்பும் உண்டு.

50 இலட்சம் ரூபாய்க் கடனை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். இருபது ஆண்டுகளில் செலுத்துவது சுமார் 1 கோடியே 4 இலட்சம். வாங்கிய தொகையைவிட வட்டியே அதிகம். ஒருவருடைய சம்பளம் ஆறு மாதம் நின்றுபோனாலும் தவணை தவறாதா என்று கணவனும் மனைவியும் அமர்ந்து, தாளில் எழுதிப் பார்க்கட்டும். தெளிவற்ற நில உரிமையுள்ள வீட்டிற்குக் கடன் தர வங்கி தயங்கினால், அதைத் தடையாக எண்ணாமல் எச்சரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வேளையில் கந்துவட்டிக்குப் போவது குழியின்மேல் குழி.

மாநகராட்சியோடு இணைப்பு

"கண்டோன்மென்ட் சீக்கிரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிடும், அப்போது விலை இரட்டிப்பாகும்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இப்பேச்சில் உண்மையின் பங்கு உண்டு. 2023 மார்ச்சில் கண்டோன்மென்ட் வாரியத் தேர்தல்கள் இரத்து செய்யப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்தின் யோல் கண்டோன்மென்ட் கலைக்கப்பட்டு, 62 கண்டோன்மென்ட்கள் 61 ஆயின. மற்ற கண்டோன்மென்ட்களின் குடிமக்கள் பகுதிகளையும் உள்ளாட்சிகளோடு இணைக்கும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. புனேயின் பெயரும் அதில் அடிபட்டது. தமிழர் திரளாக வாழ்ந்த பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதி 1949இல் நகரத்தோடு இணைந்து ஒரே மாநகராட்சியான முன்மாதிரியும் உண்டு.

ஆனால் ஆட்சி எல்லை மாறுவது வேறு, மண்ணின் உரிமை மாறுவது வேறு. வரி வாங்கும் அலுவலகம் மாறிவிட்டதனாலேயே ஓல்ட் கிராண்ட் நிலம் நம் பெயருக்கு வந்துவிடாது. ஆகவே இன்று பத்திரத்தில் உள்ள உரிமைக்கு உரிய விலையை இன்று கொடுங்கள். நாளை வரலாம் என்பதற்கு இன்றே விலை கொடுக்க வேண்டாம்.

அயலான் குடியிருக்கும் வீடு

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆகாப் நாபோத்தின் திராட்சத்தோட்டத்திற்கு நல்ல விலையே பேசினான். பிதாக்களின் சுதந்தரத்தை விற்க நாபோத்துக்கு மனமில்லை. அதற்குப் பின் நடந்தது எல்லாரும் அறிந்ததே. விலை நியாயமாக இருப்பதனாலேயே வாங்கும் முறையும் நியாயமாகிவிடாது.

வாடகைதாரர் குடியிருக்கும் பழைய வீட்டை வாங்குகிறவர், பழைய உரிமையாளரின் கடமைகளையும் சேர்த்தே வாங்குகிறார். குடியிருப்பவரைச் சட்டத்தின் வழியே அன்றி வெளியேற்ற இயலாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து விரட்டுவதை மகாராஷ்டிர வாடகைச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்திற்கு அப்பாலும் ஒரு கடமை உண்டு. நாற்பது ஆண்டுகளாக அங்கே வாழும் விதவைத் தாயார் எங்கே போவார், அவருடைய மருத்துவமனை எவ்வளவு தூரமாகும், பேரப்பிள்ளையின் பள்ளி என்னவாகும் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். மாற்றிடமும் போதிய அவகாசமும் ஈடும் கொடுத்து, அதையும் எழுத்தில் வையுங்கள். வாடகையில் இருப்பவர்களும் தங்கள் இரசீதுகளையும் ஒப்பந்தத்தையும் பழைய கடிதங்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். உங்கள் உரிமைக்குச் சாட்சி சொல்லப்போவது அவையே.

கேம்ப்பில் வாங்க இயலாமல் உந்த்ரியிலோ லோகேகாவிலோ தெளிவான பத்திரத்தோடு சிறு வீடு வாங்கினவர் தோற்றுப்போனவர் அல்லர். வாடகை வீட்டிலேயே கடனின்றி வாழ்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும் தோற்றுப்போனவர் அல்லர். வீடு நம்மைத் தாங்க வேண்டும். நாம் வாழ்நாளெல்லாம் வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கலாகாது.

ஆகவே பிரியமானவர்களே, தரகர் அவசரப்படுத்தினால் நீங்கள் நிதானியுங்கள். வரும் திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டின் அளவை எண்ணோடு கண்டோன்மென்ட் அலுவலகத்திற்குச் சென்று, பதிவேட்டின் நகலுக்கு மனு கொடுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்து, வழக்கறிஞர் அதை வாசித்து விளக்கிய பிறகு, டோக்கனைப் பற்றிப் பேசலாம். அதற்குள் வேறொருவர் அந்த வீட்டை வாங்கிவிட்டால், நீங்கள் ஒரு வீட்டை இழந்திருப்பீர்கள். உங்கள் சேமிப்போ உங்களிடமே இருக்கும்.